எண்ணெய்ச் சட்டி வைத்த கிறிஸ்துமஸ்

தீபாவளிக்கு மறுநாள் தொடங்கி கிறிஸ்துமஸ் வரைக்கும் எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில் ஊராரின் பாத்திரங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தூக்குவாளி, சம்படம், பித்தளைத் தட்டு, ஈயம் பூசிய போகணி என்று பதினான்கு வீட்டுப் பாத்திரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் அந்தந்த வீட்டுக்காரர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதே அந்தப் பாத்திரங்களில்தான் என்று தம்பி இன்றைக்கும் கேலி செய்வான். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். மற்ற வீடுகளில் கொஞ்சம் சீனியோ ஒரு பிடி அரிசியோ போட்டு அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்கு அது போதாது. பலகாரத்துக்குப் பலகாரம்தான் போக வேண்டும், எங்கள் பண்டிகை கிறிஸ்துமஸ், ஆகவே அதுவரை பாத்திரங்கள் இங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள். "என் தூக்குவாளி மார்கழியிலதேன் வீடு திரும்புமாக்கும்" என்று பக்கத்து வீட்டுக் கடைக்கார அத்தை வருஷா வருஷம் புலம்புவாள். புலம்புவாளே தவிர, ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை.

திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் இருந்த அந்த ஊரின் அரசாங்கப் பிரசவ விடுதியில் அம்மா நர்ஸ். ஊரிலேயே வேதக்கார வீடு எங்களுடையது ஒன்றுதான். அப்பா அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் வேலை பார்த்தார். அறுபதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதத்தில், மஞ்சள் காமாலை முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த பத்தாம் நாள் அம்மா வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். "வயித்துப் பிள்ளை நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா" என்றாள். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு, தங்கச்சிக்கு நாலு. அம்மா அழுது நாங்கள் பார்க்கவில்லை. தைரியசாலி என்று ஊர் சொன்னது. எனக்கு என்னவோ பயமாக இருந்தது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு காரியம் ஆக வேண்டியிருந்தது. எங்கள் மூவருக்கும் புதுத்துணி எடுக்க வேண்டும், பதினான்கு பாத்திரமும் நிறைய வேண்டும். அப்பாவின் வைத்தியத்துக்குப் பிறகு வீட்டில் மிஞ்சியிருந்தது ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும். அம்மா யோசிக்கவே இல்லை. "துணி பழசா இருந்தா துவைச்சுப் போட்டுக்கலாம். பாத்திரத்த வெறுசா குடுத்தா எப்படி இந்த ஊர்ல நடமாடுறது?" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஊரார் பாத்திரத்தின் மேல் இருக்கிற அக்கறை பெற்ற பிள்ளைகள் மேல் இல்லையே என்று இரண்டு நாள் அம்மாவோடு பேசாமல் இருந்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அதில் கோபம் இன்னும் கூடியது.

கார்த்திகையில் கடைக்கார அத்தை பிள்ளைகளுக்கென்று ஆளுக்கொரு துணி எடுத்து வந்ததும், அம்மா சிரித்துக்கொண்டே அதைத் திருப்பி அனுப்பியதும் என் கோபத்துக்கு இன்னொரு காரணம். அம்மா யாரிடமும் சும்மா எதையும் வாங்க மாட்டாள். அத்தை வீட்டுக் கடையில் பொட்டலத்தோடு ஒரு துண்டுக் கருப்பட்டி சேர்ந்து வந்துவிட்டால்கூட அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொல்வாள். வழியிலேயே தின்றுவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று சொன்ன நாட்களும் உண்டு.

ஆனாலும் பண்டிகை வேலைகளில் அம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. ஓடைக்கரையிலிருந்து ஓர் உடைமரக் கிளையை வெட்டிவந்து பழைய பக்கெட்டில் மண் நிரப்பி நட்டாள். அதுதான் கிறிஸ்துமஸ் மரம். பனிமழை என்றால் என்னவென்று தெரியாத ஊர். காட்டில் எடுப்புக்குத் தப்பிய பருத்தியைப் பொறுக்கிவந்து முள்ளுக்கு முள் குத்தி வைத்தோம். நூலோ பசையோ தேவையில்லை. ஊசி மருந்து தீர்ந்த சின்னக் குப்பிகளை அம்மா வெந்நீரில் கழுவிக் கொடுக்க, தம்பி கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டான். காற்றடித்தால் கிணுகிணுவென்று சத்தம் கேட்கும். சோளத்தட்டையைச் சீவி நட்சத்திரம் கட்டி, பழைய காலண்டர் தாளை ஒட்டினோம். அந்தத் தாளில் இருந்த தேதிகள் வெளியே தெரிந்தன. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கச்சிக்குப் பெருமை பிடிபடவில்லை. எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது.

இருபத்து மூன்றாம் தேதி மத்தியானம் அம்மா அடுப்பை மூட்டினாள். அம்மாவின் ஊர்ப்பக்கத்துப் பலகாரம் அச்சு முறுக்கு. பூப்போட்ட பித்தளை அச்சைக் காய்ந்த எண்ணெயில் காட்டி, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் விட்டு உதறினால் பூ தனியாகக் கழன்று மிதக்கும். ஊரில் சைவ வீடுகள் உண்டு என்பதால் அம்மா முட்டை சேர்க்க மாட்டாள். நாலு ஈடு எடுத்திருப்போம். எண்ணெய் வாசம் தெருவுக்குப் போனதும் கடைக்கார அத்தை தலைமுடியை அள்ளி முடிந்தபடி ஓடிவந்தாள்.

"ஆத்தாடி, நர்ஸம்மா! என்ன காரியம் பண்ணிட்டீக! எண்ணெய்ச் சட்டியவா வச்சீக?"

"பண்டிகைக்குப் பலகாரம் சுட வேண்டாமா மதினி?"

"சாவு விழுந்த வீட்டுல வருசம் திரும்பாம எண்ணெய்ச் சட்டி வைப்பாகளா? அக்கம்பக்கத்துல இருந்துல்ல பலகாரம் வரணும்? தீவாளிக்கு அதுக்குத்தான ரெண்டு பங்காக் கொண்டாந்து வச்சோம்!"

"எங்கள்ல அப்படி ஒண்ணும் கிடையாது மதினி."

"ஒங்கள்ல இல்ல, சரி. வாங்குறது நாங்கதான?"

அம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவள் அம்மா. பிள்ளை பெற்றவளுக்கு எத்தனையாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, எந்த வீட்டில் பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் சேனை தொட்டு வைப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் பிரசவம் பார்க்கிற கை என்று அவளை யாரும் சாவு வீட்டுக்கு அழைத்ததில்லை. ஆறு வருஷம் அந்த ஊரில் இருந்தும் துக்க வழக்கம் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. தீபாவளிக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பலகாரம் வந்தபோது, பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"நா வாங்கிருவேன். எம் மாமியா வாங்க விடுமா?" என்றாள் அத்தை. "மத்த வீட்டுலயும் கைநீட்டி வாங்க மாட்டாக நர்ஸம்மா."

அம்மா அச்சைக் கீழே வைத்துவிட்டு, கரைத்து வைத்திருந்த மாவுப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் புதுத்துணி முழுவதும் அந்தப் பானைக்குள்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் என் மிச்சக் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. துணியும் இல்லாமல், பாத்திரமும் நிறையாமல் பண்டிகை கையைவிட்டுப் போகிறதே என்று இருந்தது எனக்கு.

அத்தை அடுப்புப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தாள். "இதுக்கு ஒரு வழி இருக்கு. பொறந்த வீட்டு ஆளுக வந்து துணி எடுத்துக் குடுத்து, அவுக கையால எண்ணெய்ச் சட்டி வச்சா துக்கம் கழிஞ்சிரும். அதுக்கப்புறம் நீங்க என்ன சுட்டாலும் ஊரே வாங்கும். ஒங்க பக்கத்துல யாரு இருக்காக?"

அம்மாவுக்கு யாரும் இல்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொழும்புக்குப் போன ஒரே அண்ணன் கடிதம் போடுவதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டது. அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர வாய் நெறைய அண்ணாச்சி அண்ணாச்சிங்கீக. என்னைய மதினிங்கீக. அதெல்லாம் சும்மா கூப்பிட்டதா?" என்று அத்தை எழுந்தாள். "அப்ப நாங்கதேன் பொறந்த வீடு. அடுப்ப அமத்துங்க. சுட்டது பிள்ளைகளுக்கு. மார்கழிக் குளிருக்கு மாவு ஒண்ணும் புளிக்காது. நாளைக்குக் காலையில வாரேன்."

அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை வாசலைத் தாண்டிவிட்டாள். அன்றைக்கு அவள் நிஜமாகவே பதறினாளா, கார்த்திகையில் திரும்பிவந்த துணியை வேறு வழியாக உள்ளே கொண்டுவந்தாளா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். வழக்கம் உண்மையானது. அந்தப் பதற்றத்தில் பாதியாவது நடிப்பு என்பது என் கட்சி. சும்மா கொடுத்தால் வாங்காத அம்மா, ஊர் வழக்கம் என்று சொன்னால் மறுக்க முடியாதல்லவா?

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடைக்கார மாமா அன்று மாலையே அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறி, கைத்தறிக்காரர் ஒருவரிடம் வாங்கிவந்தார். மூன்று பேருக்கும் ஒரே துணி, நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்டது. எனக்குப் பாவாடை சட்டை, தம்பிக்குக் கால்சட்டையும் மேல்சட்டையும், தங்கச்சிக்கு கவுன். தெருமுனைத் தையல்காரர் மறுநாள் ஒரே பகலில் அடித்துக் கொடுத்ததால் தம்பியின் சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கிறிஸ்துமஸ் அன்று அருப்புக்கோட்டை வேதக்கோயிலில் பேண்டு செட்டுக்காரர்களைப் போல வரிசையாக நின்றோம். டவுன் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவுக்கு அத்தை எடுத்தது அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை. புருஷனை இழந்தவளுக்குக் கலரா என்று யாரோ கேட்டதற்கு, "அவுக சாமி ஒண்ணும் சொல்லாது, நீ சும்மா இரு" என்றாளாம். இப்போது மதுரையில் என் பேரப் பிள்ளைகளுக்குப் பண்டிகைத் துணி பெட்டி பெட்டியாக வருகிறது. பிடிக்கவில்லை என்று பாதி திரும்பியும் போகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த நீலக் கட்டத்தை நான் மூன்று வருஷம் போட்டேன்.

இருபத்து நான்காம் தேதி காலையில் அத்தை சட்டி வைத்து முதல் ஈடு வடை சுட்டுக் கொடுத்தாள். பிறகு அச்சு அம்மாவின் கைக்குப் போனது. சாயங்காலத்துக்குள் பதினான்கு பாத்திரமும் நிறைந்து வீடு போய்ச் சேர்ந்தன. அத்தையின் மாமியார்தான் முதலில் வாங்கியது. ஆனால் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

துணியும் சேலையும் எண்ணெய்த் தூக்கும் வைத்த தாம்பாளத்தோடு அத்தை வாசலில் வந்து நின்றாள். பின்னால் மாமாவும், தெருப் பெண்கள் ஐந்தாறு பேரும் வந்திருந்தார்கள். அம்மா வழக்கம்போலச் சிரித்த முகமாக, "வாங்க மதினி, உக்காருங்க" என்று பாயை விரித்தாள். அத்தை உட்காரவில்லை. தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்தாள். அதுவரை ஒரு நாளும் அம்மாவை ஒருமையில் பேசாதவள் அவள்.

"பொறந்த வீடு வந்திருக்கு. இன்னும் என்ன வாங்க போங்கன்னுக்கிட்டு இருக்க? அழு தாயி."

துக்க வீட்டுக்குப் பிறந்த வீட்டார் வந்தால் முதலில் கட்டிக்கொண்டு அழுவதுதான் அங்கே வழக்கம். அப்பா இறந்து ஐந்து மாதமாகியும், அம்மாவுக்கு அப்படிக் கட்டிக்கொள்ள ஓர் ஆள் வரவில்லை. அவள் ஒரு கணம் விறைப்பாக நின்றாள். பிறகு அத்தையின் மேல் சாய்ந்தாள். "போயிட்டாக மதினி, என்னைய விட்டுட்டுப் போயிட்டாக" என்று வந்த குரல் என் அம்மாவுடையது என்றே எனக்குத் தெரியவில்லை. வந்திருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தம்பி என் கையை நசுக்கிப் பிடித்திருந்தான். எனக்கும் அப்பாவுக்காக அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

தங்கச்சி மட்டும் நேற்றைய அச்சு முறுக்கைக் கடித்துக்கொண்டு, எல்லோரும் ஓயும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அழுது முடிச்சிட்டியா? இனிமே பண்டிகை வந்திருமா?"

அத்தைதான் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:

"வந்திருச்சு தாயி. இப்பத்தேன் வந்துச்சு."