நிமிராத இருக்கையும் வழுவழுப்பான இதழும்

ஆனைமுகத்துப் பெருமானே, எழுதத் தொடங்கும் எவருக்கும் முதலில் வந்து நிற்பவனே, இந்தக் கை நடுங்காமல் பார்த்துக்கொள். சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே சொல்லும் புத்தியையும் இந்த வயதிலாவது எனக்குத் தா.

இன்று புரட்டாதி மாதத்து வளர்பிறைத் தசமி. திருவோணமும் கூடிய விசயதசமி. எழுத்துத் தொடங்க உகந்த நாள். காலைப் பூசையை முடித்துவிட்டு, லண்டனில் கோலியர்ஸ் வுட் வீட்டின் முன்னறையில் இருந்து எழுதுகிறேன். நேற்று ஆயுத பூசையில் காரின் முகப்பில் வைத்த சந்தனம் உலர்ந்து வெடித்திருப்பது யன்னல் வழியே தெரிகிறது. எழுதப்போவது அந்தக் காரைப் பற்றியும், அதைச் செய்த நிறுவனம் எனக்கு விடாமல் அனுப்பிவரும் ஓர் இதழைப் பற்றியும்தான். பதிகம் ஓதிக் காலம் போக்குகிறவனுக்கு இது என்ன பொருள் என்று சிலர் கேட்கலாம். அந்த இதழால் என் மனைவி இழந்த ஒரு காலைப்பொழுது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அந்தக் காரை வாங்கினோம். நான் அப்போது நிலத்தடி ரயில் நிலையம் ஒன்றில் பயணச்சீட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். பெரிய பெயர் பெற்ற கார்தான். ஆனால் எங்களிடம் வரும்போதே அதற்கு எட்டு வயது. ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. பகட்டுக்காக நாங்கள் அதை வாங்கவில்லை. என் மனைவியின் இடது முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மடங்குவதில்லை. மற்றவர்களின் கார்களில் ஏறிப் போனால் அன்று மாலையே கால் வீங்கிவிடும். இந்தக் காரின் முன்னிருக்கையோ பொத்தானை அழுத்தினால் நகரும், உயரும், சாயும். பல் வைத்தியரின் வாசலில் அவள் அதில் ஏறியிருந்து, காலை முழுதாக நீட்டிப் பார்த்து, "இது காணும், வேறொண்டும் வேண்டாம்" என்றாள். எங்கள் ஆராய்ச்சி அவ்வளவுதான்.

மேலதிகச் சாவி ஒன்று செய்விக்க விற்பனை நிலையத்துக்குப் போனபோது ஓர் அட்டையை நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கண்ணாடித்தாள் உறைக்குள், கனத்த வழுவழுப்பான தாளில் இதழ் வரத் தொடங்கியது.

படிக்கத் தொடங்கியதைப் பாதியில் விட்டுத் தாண்டிப்போவது எனக்குச் சிறுவயது முதலே பழக்கமில்லை. பதிகத்தில் ஒரு பாட்டை விட்டால் முழுவதும் விட்டதாகவே எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆகையால் அந்த இதழையும் அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். மலையுச்சி விடுதி ஒன்று. கடலில் மிதக்கும் மாளிகை ஒன்று. ஆறு பக்கம் கைக்கடிகாரம். மதுவை எந்தக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும் என்று ஒரு கட்டுரை. இடையிடையே கார், பாறைமுனையிலோ வெறும் கடற்கரையிலோ தனியே நின்றது. அதற்குள் ஒருவரும் இருந்ததை நான் கண்டதில்லை. மழைத்துடைப்பான் எப்போது மாற்ற வேண்டும், சூடேற்றி ஏன் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது என்று ஒரு வரி கிடையாது.

முதலிரண்டு ஆண்டுகள் நான் அதற்காக வாதாடியும் பார்த்தேன். எங்கள் அடியார்களும் இறைவனிடம் நேரே போய்விடுவதில்லை. ஊரைப் பாடுவார்கள், சோலையைப் பாடுவார்கள், வாளை பாயும் வயலைப் பாடுவார்கள். அதன் பின் அந்த ஊரில் உறைபவனிடம் வருவார்கள். இதுவும் அப்படி வரும் என்று எண்ணிப் பக்கங்களைப் புரட்டினேன். கடைசிவரை சோலைதான். உறைபவர் வரவேயில்லை.

"இஞ்சாருங்கோ, உங்கட புத்தகம் வந்திட்டுது. இந்த முறை எந்த மலையில காரை விட்டிட்டு வந்திருக்கினம்?" என்று மனைவி உறையோடு கொண்டுவந்து தருவாள்.

படித்த பின் அதை என்ன செய்வது என்பது அடுத்த தலைவேதனை. எழுத்துள்ள தாளைக் குப்பையில் போட மனம் வராது. மதுவும் அரைகுறை ஆடையும் நிறைந்ததைப் பூசை அறைப் பக்கம் வைக்கவும் ஏலாது. மாடிப்படிக்குக் கீழே, குடைகளுக்கும் பழைய சப்பாத்துகளுக்கும் நடுவில், அது அடுக்கடுக்காக உயர்ந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி உத்தரம். ஆற்றுக்கு வடக்கே உள்ள எங்கள் கோயிலுக்கு, வீதிவலத்தில் சுவாமிக்கு மேலே பிடிக்கும் புதுக் குடையை நான்தான் காரில் ஏற்றிப் போக வேண்டியிருந்தது. அதன் தண்டு நீளம். முன்னிருக்கையின் முதுகைப் படுக்கைபோலச் சாய்த்துத் தண்டைக் கிடத்தினேன். கோயிலில் குடையை இறக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் முதுகு நிமிரவில்லை. எத்தனை முறை அழுத்தினாலும் உள்ளே ஒரு முனகல் மட்டும் கேட்டது. சாய்ந்த முதுகு பின்னிருக்கையையும் அடைத்துக்கொண்டது. நான் ஓட்டும் இருக்கைக்குப் பின்னே மிஞ்சிய இடத்தில் மடங்காத காலோடு ஒருவர் இருக்க முடியாது. எந்தக் காலுக்காகக் காரை வாங்கினேனோ அந்தக் காலுக்கு இனிக் காரில் இடமில்லை.

அந்த ஆண்டு அது சிறிய சங்கடம் அன்று. வரும் ஆடியில் எங்கள் சுவாமி முதன்முறையாகத் தேரில் ஏறி லண்டன் வீதிக்கு வர இருந்தார். தேர் மரமாகக் கிடந்த நாளிலிருந்து மனைவி அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வருசமும் ஓடும்தான். ஆனா முதல் ஓட்டம் ஒருக்காத்தானே" என்பாள்.

விற்பனை நிலையத்து இளைஞர் காரைப் பார்த்தார். இந்தப் பழைய மாதிரிக்கு இருக்கைப் பாகம் வருவதில்லை, புதிய மாதிரியை ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். நான் மறுத்ததும் ஆறுதலாகப் புதிய இதழ் ஒன்றைக் கையில் தந்தார். வேறு இரண்டு பழுதுபார்க்கும் கடைகளில் திறக்கவே மறுத்தார்கள்.

இதழின் கடைசிப் பக்கத்தில் கார் வைத்திருப்போரின் கடிதங்கள் வெளிவரும். அங்கே எழுதினால் காரைச் செய்தவர்களின் கண்ணில் படும், அவர்களுக்கு வழி தெரியாமலிருக்காது என்று எண்ணினேன். மூன்று மாலைகள் இருந்து, நான் கற்ற முறைப்படியே எழுதினேன். எங்கள் மரபில் வாசலில் நுழைந்ததும் கையேந்துவதில்லை. முடியைப் பாடி, அடியைப் பாடி, செய்த அருளையெல்லாம் எண்ணிச் சொல்லி, அதன் பின் குறையைச் சொல்வோம். அப்படியே முதற்பந்தியில் எந்திரத்தின் அமைதியைப் போற்றினேன். இரண்டாம் பந்தியில் அதன் நிறத்தை. மூன்றாம் பந்தியில் இருக்கையை: இந்தக் குளிர் நகரத்தில் நோயுற்ற என் மனைவிக்கு இதனினும் கருணையான ஆசனம் வாய்க்கவில்லை என்று எழுதினேன். நான்காம் பந்தியில், கடைசியாக, அந்த ஆசனம் இப்போது நிமிர மறுக்கிறது, ஆடி மாதத் திருவிழாவுக்கு முன் ஒரு வழி சொல்லி உதவ வேண்டும் என்று விண்ணப்பித்தேன்.

மனைவி வாசித்துக் காட்டச் சொன்னாள். கேட்டு முடித்து, "சீட் நிமிரேல்லை எண்டதை மேல எழுதியிருக்கலாமே. இது அவையளுக்கு அருச்சனை செய்த மாதிரியெல்லோ இருக்கு" என்றாள்.

"நீர் சும்மா இரும். கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு" என்றேன்.

சித்திரையில் அனுப்பிய கடிதத்துக்கு ஆனி கழிந்தும் பதில் இல்லை. இதற்கிடையில் ஒருநாள் மினிகாப் என்னும் வாடகைக் கார் பிடித்து வைத்தியசாலைக்குப் போய்வந்ததில் அவள் கால் நான்கு நாள் வீங்கிக் கிடந்தது. பக்கத்தில் மோர்டனில் வைத்தியராக இருக்கும் நண்பர் ஒருவர், அதே நிறுவனத்தின் புதிய பெரிய கார் வைத்திருப்பவர், ஒவ்வொரு திருவிழாவுக்கும் முதல்நாள் தொலைபேசியில் "ஆரையும் ஏத்த வேணுமோ, அண்ணை?" என்று கேட்பார். அந்த முறையும் கேட்பார் என்று காத்திருந்தேன். மணி அடிக்கவில்லை. நானாக எடுத்துக் கேட்க நா எழவில்லை. தேரன்று காலை, கோயில் கடமை இருந்ததால், மனைவியை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போனேன்.

தேர் வடத்தருகே அந்த வைத்தியர் சிரித்துக்கொண்டு வந்தார். கையில் இதழ்.

"அண்ணை, நீங்கள் பெரிய ஆளாகிட்டியள். இதைப் பாருங்கோ."

கடைசிப் பக்கத்தில் என் கடிதம் இருந்தது. மூன்றாம் பந்தி மட்டும். 'கருணையான ஆசனம்' என்று தலைப்பு. பக்கத்தில் பாறைமுனையில் ஒரு புதுக் கார். நான்காம் பந்தியைக் காணவில்லை.

"இதை நீங்கள் வாசிக்கிறனீங்களோ?" என்று கேட்டேன்.

"நானோ? உறையே பிரிக்கிறதில்லை. கிளினிக்கில போட்டிடுவன். காத்திருக்கிற சனம் பாக்கும். போன கிழமை ஒரு கிழவர்தான் 'இது உங்கட ஆள் போல கிடக்கு' எண்டு காட்டினவர். அக்கா எங்கை?"

"வரேல்லை. சீட் நிமிராது. நாலு மாசமாச்சு."

அவர் முகம் மாறிவிட்டது. "சொல்லியிருந்தா நான் கூட்டியந்திருப்பனே. எல்லாருக்கும் போன் எடுத்தனான். உங்கட கார் இவ்வளவு திறமா ஓடுது எண்டு இதில கிடந்ததால உங்களை மட்டும் விட்டிட்டன்."

அதற்குள் வடத்தைப் பிடிக்கச் சொல்லி அழைத்தார்கள். நான் பிடித்தேன். தேர் முதன்முறையாகத் தார்வீதியில் உருண்டது. வாயில் பதிகம் இருந்தது. மனத்தில் நான்காம் பந்தி இருந்தது. பாடலில் ஓரடி தவறியது எனக்கு மட்டுமே தெரியும்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவள் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வெட்டினவைக்கு நல்ல கத்தரிக்கோல். சரியான இடத்தில வெட்டியிருக்கினம்" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் என் பிரதியும், கடிதம் வெளியானதற்குப் பரிசாக நிறுவனத்தின் சின்னம் பொறித்த பெரிய குடை ஒன்றும் வந்தன. அந்தக் குடையை நீட்டிக் கிடத்தவும் காரில் முன்னிருக்கையைச் சாய்க்க வேண்டும்.

ஆவணியில், இதழ் அலுவலகத்தின் வழியாக எனக்கொரு கடிதம் வந்தது. வடக்கே யோர்க்ஷயரில் பாடசாலை ஒன்றைப் பராமரித்து ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயர் கோடிட்ட தாளில் எழுதியிருந்தார். அவரிடமும் அதே கார், என்னுடையதைவிட ஒரு வயது மூத்தது. முதுகு நோவுக்காக வாங்கியது. 'ஐயா, உங்கள் இருக்கை இவ்வளவு நன்றாக இயங்குவதாகப் படித்தேன். என்னுடையது இரண்டு ஆண்டுகளாக அசையவில்லை. நீங்கள் அதை எப்படிப் பராமரிக்கிறீர்கள் என்று தயவுசெய்து சொல்வீர்களா?'

நான் அதை இரண்டு முறை படித்தேன். ஒரே நோய் கொண்ட இருவர். ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பொறாமைப்படும்படி அந்த இதழ் எங்களை அறிமுகம் செய்து வைத்திருக்கிறது. பதிலில் போற்றி எதுவும் இல்லை. 'என் இருக்கையும் நிமிராது' என்று முதல் வரியில் எழுதினேன்.

மூன்று வாரத்தில் அவரிடமிருந்து மறுமொழி வந்தது. தனியாள் இல்லை என்று தெரிந்ததும் துணிவு வந்ததாம். பழைய கார்களை உடைக்கும் இடத்துக்குப் போய், அதே மாதிரிக் கார் ஒன்றின் இருக்கையைத் தன் கையால் கழற்றிப் பார்த்திருக்கிறார். பக்கவாட்டு மூடிக்குள்ளே ஒரு திருகு. ஆறுபட்டைச் சாவியால் கையாலேயே சுற்றி நிமிர்த்தலாம். படமும் வரைந்திருந்தார். இதழில் கைக்கடிகார விளம்பரப் பக்கத்தைக் கிழித்து, அதன் வெற்றிடத்தில் பேனாவால் வரைந்த படம். அத்தனை ஆண்டுகளில் அந்த இதழிலிருந்து எனக்குப் பயன்பட்ட பக்கம் அது ஒன்றே. பூசை அறையில் வைத்திருக்கிறேன்.

முழந்தாளிட்டு இருந்து சுற்றினேன். ஒரு சுற்றுக்கு ஒரு நூலளவு நிமிரும். பின்னேரம் முழுவதும் ஆயிற்று. அந்த ஆண்டு விசயதசமிக்கு மனைவி முன்னிருக்கையில் காலை நீட்டி இருந்து கோயிலுக்கு வந்தாள். வழிபாடு முடிந்ததும் தேரைக் காட்டச் சொன்னாள். அது கொட்டகையில் தறப்பாள் மூடி நின்றது. ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்தேன். குனிய முடியாததால் ஊன்றுகோலைச் சாத்திவிட்டு, எட்டிய அளவில் சில்லின் மேல்விளிம்பைத் தொட்டாள்.

"முதல் ஓடினது இந்தச் சில்லுத்தானே?"

"ஓம்."

தறப்பாளை விடச் சொன்னாள்.

பின்வந்த ஆண்டுகளில் அவள் தேர் பார்த்தாள். ஆனாலும் முதல் ஓட்டத்தைப் பற்றி மற்றவர்கள் கதைக்கும்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். இதழை நிறுத்தும்படி நான் மூன்று முறை எழுதினேன். முதல் வரியிலேயே எழுதினேன். இன்றும் வருகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பிடிக்கிறதா என்று அதைச் செய்கிறவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. வசதியுள்ளவர் உறை பிரிப்பதில்லை. பிரித்துப் படிக்கிற நாங்களோ அதற்குள் இல்லை. பதிகத்தின் கடைசிப் பாட்டில் ஓதினவருக்கு என்ன பலன் என்று பாடினவர் சொல்லிவைப்பார். இத்தனை இதழ்களின் கடைசிப் பக்கத்திலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

வெளியே காரின் ஒலிப்பான் ஒருமுறை அடிக்கிறது. "நான் ஏறி இருந்து எவ்வளவு நேரம்? எழுதினது காணும், வாங்கோ" என்று குரல் வருகிறது. கோயிலுக்கு நேரமாயிற்று.

ஆகவே, இந்த எழுத்தைக் கடைசிவரை படித்தவர்கள் யாராயினும், அவர்கள் மூட்டு நோவின்றி ஏறி, போக நினைத்த வாசலில் போக நினைத்த நாளிலேயே இறங்குவார்களாக. அவர்கள் எழுதும் விண்ணப்பம் எதுவும் நடுவில் வெட்டப்படாமல், கேட்க வேண்டியவரின் செவியில் முழுதாகச் சேர்வதாக. அவர்கள் மனைகளில் நலமும் நீறும் நிலைத்திருப்பதாக.