வெளிச்சத்தில் வைத்த கல்

அந்த மனிதர் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வேண்டும் என்று ஒரு கோடையிலிருந்து மழைக்காலம் வரை காத்திருந்தேன். நாள் போகப் போகக் கோபம் ஆறிவிடும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை. நான் ஆற விடவும் இல்லை.

அப்போது காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில், நிலவியல் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். எம்.எஸ்சி. முடித்திருந்தேன். பாடம் நடத்தும் தகுதி இருந்தும் எனக்கு வாய்த்தது கற்களைத் தட்டில் அடுக்குவதும், அமிலப் புட்டிகளை நிரப்புவதும், மாணவர்கள் உடைத்துப் போட்டதைப் பெருக்குவதும்தான். வேலையை ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் துறைத் தலைவர். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "லேப் பொண்ணு" என்பார்.

எங்கள் வீடு முசரவாக்கத்தில். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள். அந்தக் கோடையில் பக்கத்து ஏரியில் தூர் எடுத்தார்கள். ஒரு சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கை காலெல்லாம் கருஞ்சேறு காய்ந்து வெடித்திருந்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை.

"இதப் பாரும்மா. மாட்டு எலும்பு. உள்ள இன்னாவோ கண்ணாடி மாதிரி இருக்குது. மேஸ்திரி தூக்கிப் போடுன்னான். எம்பொண்ணு கல்லு படிச்சிருக்குது, அதுக்குக் காட்டணும்னு சேத்தோட சுத்தி எட்த்துக்கினு வந்துட்டேன்."

சேற்றை விலக்கிப் பார்த்தேன். கனத்த பழைய எலும்பு, நடுவில் பிளந்திருந்தது. மஜ்ஜை இருந்த குழிக்குள் ஊசி ஊசியாகப் படிகங்கள் விசிறிபோல் விரிந்திருந்தன. அவற்றின் நடுவே கட்டைவிரல் நீளத்துக்கு ஒன்று, ஐஸ் துண்டைப் போலத் தெளிவாக இருந்தது.

"நல்ல கல்லாமா?" என்றாள் அம்மா.

"தெரியலைமா. நாளைக்குப் பாத்துச் சொல்றேன்."

முதலில் நானும் அதை ஜிப்சம் என்றுதான் நினைத்தேன். ஜிப்சத்திலும் நகம் பட்டால் கீறல் விழும், ஒரே திசையில் ஏடு ஏடாகப் பிளக்கும். இரண்டின் படிக அமைப்பும் ஒரே தொகுதியைச் சேர்ந்தது. இரண்டுக்குள்ளும் தண்ணீர் உண்டு. சிறு துண்டைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினேன், குழாயின் சுவரில் நீர் முத்து முத்தாகக் கோத்தது. ஆனால் கையில் எடுத்தால் ஜிப்சத்தைவிடக் கனம். சல்பேட் இருக்கிறதா என்று அமிலத்தில் கரைத்துப் பேரியம் குளோரைடு விட்டேன், கரைசல் கலங்கவே இல்லை. பாஸ்பேட் இருக்கிறதா என்று மாலிப்டேட் கரைசலை விட்டு லேசாகச் சூடாக்கினேன். அடியில் மஞ்சள் படிந்தது. இரும்புக்கான சோதனையிலும் கருநீலம் பளிச்சென்று வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொடித்துக் காகிதத்தில் வைத்துவிட்டுப் போன வெள்ளைத் தூள், நான் சாப்பிட்டு வருவதற்குள் வெளிர்நீலமாகியிருந்தது.

சேற்றிலிருந்த இரும்பும் எலும்பிலிருந்த பாஸ்பேட்டும், காற்றுப் புகாத ஈரத்தில், எத்தனையோ காலம் சேர்ந்து கிடந்து இந்தக் கல்லாகியிருந்தன. ஜிப்சம் சல்பேட் வகுப்பு. இது பாஸ்பேட் வகுப்பு, நீரேறிய இரும்பு பாஸ்பேட். விவியனைட் என்று பெயர். பூமிக்குள் இருக்கும்வரை இதற்கு நிறம் கிடையாது. காற்றும் வெளிச்சமும் பட்டால் உள்ளே இருக்கும் இரும்பு மாறத் தொடங்கும். முதலில் பச்சை தட்டும், பிறகு நீலமாகும், கடைசியில் கறுத்து உதிரத் தொடங்கும். இருட்டில் வைத்தால்தான் நிலைக்கும். இது எனக்குத் தெரியும். இதற்குப் பின் நான் செய்ததையெல்லாம் தெரிந்தேதான் செய்தேன்.

ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு சோதனையையும் எழுதிக்கொண்டு துறைத் தலைவரிடம் போனேன். அவர் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பில் இருந்தார்.

"சார், இது பாஸ்பேட் மினரல். டெஸ்ட் எல்லாம் பண்ணிட்டேன்."

நோட்டை அவர் திறக்கவில்லை. கல்லை வாங்கி நகத்தால் கீறினார். "நகம் ஏறுது பாரு. ட்ரான்ஸ்பேரன்ட். ஒரே க்ளீவேஜ். ஜிப்சம். இதை ஃபர்ஸ்ட் இயர் பசங்களே சொல்லிடுவாங்க."

"மாலிப்டேட் போட்டா மஞ்சளா வருது சார்."

"எங்க கெடச்சுது?"

பெருமையோடுதான் சொன்னேன். "எங்க ஊர் பக்கத்து ஏரியில சார். எங்கம்மா எடுத்தாங்க. நூறு நாள் வேலைக்குப் போனப்ப."

அவர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களாப்பா? சேறு அள்ளப் போன அம்மா கண்டுபிடிச்சாங்களாம், பாட்டில் கழுவுற பொண்ணு பேர் வெச்சாங்களாம். நாமல்லாம் எதுக்குப் பி.எச்டி. பண்ணோம்?"

வகுப்பு சிரித்தது. முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் மட்டும் குனிந்துகொண்டார்கள். சேறு காய்ந்த கையால் அந்தப் பையை மடியில் பிடித்துக்கொண்டிருந்த என் அம்மாவை, அவளைப் பார்த்தேயிராத முப்பது பேர் கேலி செய்து சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் நோட்டை இழுத்துத் திறந்து, படிக்காமலே, நான் எழுதியிருந்ததன் அடியில் சிவப்பு மையால் எழுதினார்: "ஜிப்சம். நேரத்தை வீணாக்காதே." கீழே கையெழுத்து. பிறகு பெரிய படிகத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார். "நல்ல ஸ்பெசிமன். நம்ம மியூசியத்துக்கு ஆவும். இன்ஸ்பெக்‌ஷன் வேற வரப்போவுது."

அவர் சொல்லச் சொல்ல நானேதான் லேபிள் அடித்தேன். கனிமம்: ஜிப்சம். நிறம்: நிறமற்றது. வகுப்பு: சல்பேட். சேகரித்தவர் என்ற இடத்தில் தன் பெயரைச் சொன்னார். நான் விரலை விசைப்பலகையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தேன். "இன்னா பாக்குற? அடி" என்றார்.

அடித்தேன். அடித்து முடித்துவிட்டு, குரலை எவ்வளவு பணிவாக வைக்க முடியுமோ அவ்வளவு பணிவாக வைத்துக் கேட்டேன். "ஜன்னல் பக்கம் வெக்கட்டுமா சார்? வெளிச்சத்துல பளபளன்னு தெரியும்."

"வை, வை. நல்ல ஐடியா."

மேற்குப் பார்த்த ஜன்னலோரக் கண்ணாடி அலமாரியில், மேல் தட்டில், நட்ட நடுவில் வைத்தேன். தட்டுக்கு மேலே குழல்விளக்கு. தினமும் காலையில் கல்லூரிக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்த ஜன்னல் திரையை ஓரம்வரை ஒதுக்குவதுதான். விளக்கைப் போட்டதும் நான்தான். அலமாரிக் கதவு சரியாக மூடாது. அதைச் சரிசெய்யச் சொல்லி யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டே வாரத்தில் ஓரத்தில் பச்சை தட்டியது. அதைப் பார்த்த அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தேன். ஒரு மாதத்தில் பச்சை உள்ளே இறங்கியது. பிறகு நீலம். ஒரு பக்கமிருந்து பார்த்தால் நீலமாகவும், திருப்பிப் பிடித்தால் மஞ்சள் கலந்த பச்சையாகவும், எங்கள் ஊர்த் தறியில் ஓடும் மயில் கழுத்துச் சேலை மாதிரி இருந்தது. அவர் ஒருமுறை அலமாரியைக் கடந்து போகும்போது, "தூசி படிஞ்சிருக்குது, தொடைச்சி வை" என்று சொல்லிவிட்டுப் போனார். "சரிங்க சார்" என்றேன். கண்ணாடியைத் துடைத்தேன்.

அம்மா நடுநடுவே கேட்பாள். "என் கல்லு எப்டிம்மா இருக்குது?"

"காலேஜில கண்ணாடிப் பெட்டில வெச்சிருக்காங்கமா."

அவள் அதைப் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வதைச் சமையலறையிலிருந்து கேட்டேன். அப்போதாவது நான் கல்லை எடுத்து இருட்டில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

இன்ஸ்பெக்‌ஷன் குழு வந்த நாளில் மழை பிடித்திருந்தது. குழுவில் நிலவியலுக்கென்று ஒரு அம்மா வந்திருந்தார். நரைத்த தலை, கழுத்தில் ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கியது. துறைத் தலைவர் ஒவ்வொரு அலமாரியாகக் காட்டிக்கொண்டே வந்தார். அதே மாணவர்கள், இப்போது மூன்றாம் ஆண்டு, வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். ஜன்னலோரம் வந்ததும் அந்த அம்மா நின்றுவிட்டார்.

"ஜிப்சம்னு போட்டிருக்கு. நிறமற்றதுன்னு போட்டிருக்கு. இது கருநீலமா இருக்கே சார்?"

துறைத் தலைவர் குனிந்து பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். "அது... காப்பர் இம்ப்யூரிட்டி மேடம்."

"எங்க எடுத்தீங்க? எலும்பு ஏதாவது கூட இருந்துதா?"

"எலும்பா?"

"சேகரித்தவர்னு உங்க பேர்தானே இருக்கு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. அந்தப் பார்வைக்காகத்தான் அத்தனை மாதம் திரையை ஒதுக்கினேன். மாணவர்கள் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவருக்கு மேலுதட்டில் வியர்வை பூத்தது. அதையும் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

"லேபிள் அடிச்சது இந்த லேப் பொண்ணு மேடம். இதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது, இஷ்டத்துக்கு அடிச்சி வெச்சிடுதுங்க."

ரெக்கார்டு நோட்டு என் கையிலேயே இருந்தது. பக்கத்தைத் திறந்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே முழுதும் படித்தார். பேரியம், மாலிப்டேட், கனம், நிறம் மாறிய தூள், ஏரி, மாட்டு எலும்பு, எடுத்தவர் என் அம்மா. கடைசியில் சிவப்பு மை. அதை மட்டும் சத்தமாகப் படித்தார். "ஜிப்சம். நேரத்தை வீணாக்காதே." பிறகு அவரிடம், "கையெழுத்து உங்களோடதுதானே சார்?" என்றார்.

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அதைத் தொடர்ந்து இன்னும் நாலைந்து பேர். துறைத் தலைவர் தரையைப் பார்த்தார்.

அந்த அம்மா கல்லைக் கையில் எடுத்தார். எடுத்ததும் அது ஏடாகப் பிளந்தது, உள்ளங்கையில் நீலச் செதில்கள் உதிர்ந்தன. "ஐயோ" என்றார். செதில்களைக் காகிதத்தில் கொட்டி மடித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெளிச்சத்துல வெச்சா கெட்டுடும்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும் மேடம்."

"ஏன் வெச்ச?"

"அவர் எங்கம்மாவைச் சொல்லிச் சிரிச்சாரு மேடம்."

அவர் என்னைத் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

துறைத் தலைவரின் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து மாணவர்களுக்கு அவர் பெயர் ஜிப்சம். பெஞ்சில் கீறினார்கள், கழிவறைச் சுவரில் எழுதினார்கள். நடைபாதையில் அவர் போனால் தூணுக்குப் பின்னாலிருந்து "ஜிப்சம்" என்று குரல் வரும். என் வேலையை அடுத்த ஆண்டு புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் வெளியே வரும்போதும் அந்தக் குரலைக் கேட்டேன், இனித்தது.

அம்மாவிடம் பொட்டலத்தைக் காட்டி நடந்ததையெல்லாம் சொன்னேன். மெச்சுவாள் என்று நினைத்தேன். அவள் செதிலை விரலால் புரட்டினாள்.

"அந்தாளு இன்னா சொன்னா எனக்கு இன்னாம்மா? நான் கேட்டுக்கினா இருந்தேன்? இது போச்சே. இத்தினி அழகா இருந்துதே."

"அவன் தலை குனிஞ்சாம்மா."

"குனிஞ்சான். நாளைக்கு நிமிந்துக்குவான்." எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அவள் சொன்னது என்னை உறுத்தியது. இப்போதும் உறுத்துகிறது. அந்தக் கல்லுக்காக வருத்தப்படுகிறேன், அவருக்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இப்போது தண்ணீர் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் இருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவள் நான்.

போன தை மாதம், பழைய மாணவி ஒருத்தியின் கல்யாணம், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபம். சிரிக்காமல் குனிந்துகொண்ட இரண்டு பெண்களில் ஒருத்தி அவள். பந்தியில் துறைத் தலைவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்து இடம் காலி. மணப்பெண்ணின் அண்ணன், "சார், இவங்களும் உங்க காலேஜ்தான், தெரியும் இல்ல?" என்று எனக்கு இடம் காட்டினார்.

"ஞாபகம் இல்ல" என்றார் அவர், இலையைப் பார்த்தபடி.

"பரவாயில்ல சார், எனக்கு இருக்குது" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர்வரிசையிலிருந்த பழைய மாணவர்கள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, ஒவ்வொன்றாக நிதானமாகச் சாப்பிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பாயசம் வருவதற்கு முன்பே இலையை மடித்து எழுந்து போய்விட்டார்.

நான் இரண்டாவது தடவையும் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.