அக்கியின் பங்காளி

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, குரங்கு என்ற சொல்லே வாயில் வரக் கூடாதென்று அம்மா காலையிலிருந்து மிரட்டிக்கொண்டிருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில், திருப்பூரில், சாயப்பட்டறைக்காரர் மகள் ஆராய்ச்சி படிப்பதே ஊருக்குச் செரிக்காத விஷயம். அதிலும் மனிதனுக்குச் சின்னம்மை தரும் வைரஸின் மரபணுத் தொகுதியையும் குரங்குக்கு அம்மை தரும் வைரஸின் மரபணுத் தொகுதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறேன் என்றால் கேட்கவா வேண்டும்? நான் ஒரு குரங்கைக்கூடத் தொட்டதில்லை. பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டர் தாளில் நீளும் நான்கே எழுத்துகள். சொன்னால் யார் நம்பினார்கள்?

"கேட்டாங்கன்னா கெமிஸ்ட்ரின்னு சொல்லு கண்ணு, போதும்" என்றாள் அம்மா.

ஒப்புக்கொண்டேன். எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் ஆராய்ச்சியைத் தொடரட்டும் என்று சொல்லியனுப்பியவர், வந்த வரன்களிலேயே அவர் ஒருவர்தான்.

முதலில் இரண்டு வீட்டாரும் எந்தக் குலக் கூட்டம் என்று விசாரித்தார்கள். ஒரே கூட்டமென்றால் பங்காளிகள், கட்டக் கூடாது. வேறு வேறு என்று உறுதியானதும்தான் பஜ்ஜி வந்தது. எந்தத் தலைமுறையில் யார் எங்கே பிரிந்தார்கள் என்று மணிக்கணக்கில் பேசும் இவர்கள், அதே வேலையை நான் வைரஸுக்குச் செய்தால் முகம் சுளிப்பார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா பல்லடத்தில் விசைத்தறி வைத்திருந்தவர். நாற்காலியில் சாயாமலே உட்கார்ந்திருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் விலாப்பக்கத்தில் சிவப்பு கசிந்தது. என் அப்பாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"சாயம் ஓடுதுங்களே. எந்தப் பட்டறைங்க?"

"சாயமில்லீங்க, அக்கி. ஆறட்டும்னு மேல காவியில எழுதியிருக்குதுங்க. கொப்புளம் ஒடஞ்சிருச்சாட்ட இருக்குது."

அப்பா அவசரமாகத் தன் புதுச் சட்டையைக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா கழற்றிய சட்டையை, "இத அலசிப் போட்டுரு கண்ணு" என்று அம்மா அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி நிறைமாதக் கர்ப்பிணி. அம்மையே கண்டதில்லை.

"தொடாதீங்க அண்ணி" என்றேன்.

சின்ன வயதில் அம்மை தந்த வைரஸ்தான் நரம்பில் பதுங்கியிருந்து பிறகு அக்கியாக வருகிறது, அண்ணிக்கு ஒட்டினால் பிள்ளைக்கும் ஆபத்து என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இதெல்லாம் உனக்கெப்படி கண்ணு தெரியும்?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

"இதத்தானுங்க படிக்கிறேன். இதோட பங்காளி ஒண்ணு குரங்குகிட்ட இருக்குதுங்க. ஜீனெல்லாம் ஏறக்கொறைய அதே வரிசைங்க. நாமளும் குரங்கும் பிரிஞ்சப்ப இதுகளும் கூடவே பிரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறோமுங்க."

அவர் என் அப்பா பக்கம் திரும்பினார். "அப்ப எனக்கும் குரங்குக்கும் ஒரே கூட்டமுங்களா?"

அப்பா பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டார். பாவி மனுஷன், அதை விட்டு எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

மறுநாள் தரகர் வந்தார். "பொண்ணு கொரங்கோட பொழங்குதாமுங்க. ஒத்து வராதுன்னுட்டாங்க."

நான் உள்ளே போகத் திரும்பினேன். அம்மா விடவில்லை. "வாய வச்சுட்டுச் சும்மா இருந்தாளா? இனி இவள எந்த ஊட்டுல சேத்துக்குவாங்க?"

அப்பா முன்னால் நின்று பேசியே அறியாத அண்ணி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு கதவருகே வந்தார்.

"நம்ம ஊட்டுலயே இருக்கட்டுங்க மாமா. படிச்சு முடிக்கட்டும்."