கத்தரி படாத கோட்டு

பெர்லின் நாடகக் கொட்டகைகளில் ஹெட்விக்கைத் தெரியாத நடிகர் கிடையாது. உடுப்பறை அவள் ராஜ்ஜியம். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பெரிய நடிகர்களையும் வாங்கு வாங்கென்று வாங்குவாள். எந்தத் துணியையும் யோசிக்காமல் வெட்டுகிற அந்தப் பெண்தான், இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷம், ஒரே ஒரு கோட்டில் மட்டும் கத்தரி வைக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அந்தக் கோட்டு அவளிடம் வந்த கதை ஜோரானது. பிச்சைக்காரர்களையும் திருடர்களையும் மேடையேற்றி, பணக்காரர்களைப் பாட்டாலேயே நையாண்டி செய்த இசைநாடகம் ஒன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் ஊரையே கலக்கியது. அதில் வரும் திருடர் தலைவனுக்கு உடுப்புத் தைக்கும் வேலை ஹெட்விக்குக்கு. கிழிசல் சட்டையும் கோணல் தொப்பியுமாக வரைந்தாள். அவளுக்கே திருப்தியில்லை. நிஜத் திருடனையே பார்த்துவிட்டால் போச்சு என்று, சிலேசிய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பீர்க் கடைக்குக் கிளம்பினாள். ஜெயிலுக்குப் போய் வந்தவர்களின் சங்கம் அங்கேதான் கூடும். சந்தா, தலைவர், பாண்டு வாத்தியம் எல்லாம் உள்ள சங்கம்!

கறுப்புக் கோட்டும் வெள்ளை வெயிஸ்ட் கோட்டுமாக ஒருவன் எழுந்து வந்தான்.

"என்னம்மா, தொலைஞ்ச சாமானைத் தேடி வந்தியா?"

"திருடனைத் தேடி வந்தேன்."

"கண்ணு முன்னாடிதானே நிக்கிறேன். பேரு ஏவால்ட். பூட்டு ஒடைக்கிறது தொழிலு."

"நீயா? பேங்க் மானேஜர் மாதிரில்ல இருக்கே!"

"கந்தலோட போனா எந்த வாசல்காரன் உள்ள விடுவான்? கந்தல் ஏழைக்கும்மா. திருடன் கந்தல் கட்டினா அவனுக்குத் தொழில் தெரியலன்னு அர்த்தம்."

அளவெடுக்க வேண்டும் என்றாள். பீர் மேசைமேல் ஏறி நின்றுவிட்டான். கடை முழுக்கச் சீட்டியடித்தது.

முதல் நாள் ஆட்டத்துக்குச் சங்கம் மொத்தமும் உயரத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தது. பணக்காரர்களோ, அதுதான் அப்போதைய மோஸ்தர் என்று, கூலிக்காரத் தொப்பியில் வந்தார்கள். வாசல்காரன் திருடர்களுக்குக் குனிந்து வணக்கம் போட்டுவிட்டு, ஒரு ஆலை முதலாளியைத் தடுத்து நிறுத்தி டிக்கெட்டைக் காட்டச் சொன்னான். அடடா, அந்தப் பெர்லின்! அதை நினைத்தால் ஹெட்விக்குக்குக் கடைசி வரைக்கும் சிரிப்பு வரும்.

"பாட்டெல்லாம் பிரமாதம். ஆனா பூட்டை அப்படியா தொறப்பாங்க? மானம் போச்சு" என்றான் ஏவால்ட்.

அடுத்த வசந்தத்தில் அதே கறுப்புக் கோட்டில் அவளைக் கட்டிக்கொண்டான். திருட்டை விட்டுப் பூட்டுச் சாவிக் கடை வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஏரிக்கரையில் ஊறுகாய் வெள்ளரியைக் கடித்துக்கொண்டு அந்த நாடகப் பாட்டுகளைப் பாடுவார்கள். அவனுக்குச் சுருதி சுத்தமாகச் சேராது. அதைவிட நல்ல பாட்டை அவள் கேட்டதில்லை.

பிறகு பழுப்புச் சட்டை போட்ட நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். நாடகத்தைத் தடை செய்தார்கள். பழைய குற்றவாளிகளை வழக்கும் இல்லாமல் விசாரணையும் இல்லாமல் முகாமுக்கு வாரிக்கொண்டு போனார்கள். "திருந்திட்டாரய்யா, கடை வச்சிருக்காரு" என்று அவள் கதறியதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? ஒரே ஒரு அஞ்சலட்டை வந்தது. அதோடு சரி. போர் முடிந்ததும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். திருடன் பெண்டாட்டிக்கு ஒருவரும் முகங்கொடுத்துப் பதில் சொல்லவில்லை.

அந்த வருஷமே, பாதிக் கூரை இல்லாத கொட்டகையில், அதே நாடகத்தை மறுபடி போட்டார்கள். கந்தலுக்குப் பஞ்சமில்லை. பிச்சைக்கார வேஷக்காரர்களைவிடப் பார்க்க வந்தவர்கள் கந்தலாக இருந்தார்கள். தலைவன் போடுவதற்கு ஒரு நல்ல கோட்டுதான் ஊர் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. நல்ல துணியெல்லாம் பண்டமாற்றில் உருளைக்கிழங்காக மாறி வயிற்றுக்குள் போயிருந்தது. ஹெட்விக் பட்டினி கிடந்தும் விற்காமல் வைத்திருந்த ஏவால்டின் கோட்டைக் கொண்டுவந்தாள்.

தலைவன் வேஷம் போட்ட ஹூபெர்ட் பசியில் வற்றிப்போயிருந்தான். அந்தக் கோட்டுக்குள் அவனைப் போல் இரண்டு பேர் நுழையலாம்.

"வெட்டிச் சின்னதாக்கிடுங்கம்மா."

"கத்தரி படாது. அவரு வந்து போடணும்."

தினமும் ஆட்டத்துக்கு முன் மிச்சத் துணியை உள்ளே மடித்து, எட்ட எட்டத் தையல் ஓட்டுவாள். ஆட்டம் முடிந்ததும் பிரித்து, தூசி தட்டி, வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

"வசனம் மறந்தாக்கூடப் பரவால்ல, கையைத் தூக்கினா தையல் விட்டுடுமோன்னு உசிரு போகுது" என்பான் ஹூபெர்ட்.

"தூக்காதே. யோக்கியனா நில்லு."

இலையுதிர் காலத்தில் ஒரு நாள், மத்தியான ஆட்டம் முடிந்து கோட்டைக் கையில் வாங்கியவள் நிமிர்ந்து பார்த்தாள். உடுப்பறை வாசலில் ஆல்வின். ஏவால்டோடு அதே முகாமுக்குப் போன சங்கத்து ஆள். எலும்பும் தோலுமாக இருந்தான். அவன் போட்டிருந்த கோட்டின் முழங்கையில் இரண்டு பக்கமும் ஓட்டை. ஆனால் தலையில் உயரத் தொப்பி.

சங்கத்தில் ஒருவன் செத்தால், மற்றவர்கள் உயரத் தொப்பி வைத்துக்கொண்டு அவன் மனைவி முன்னால் போய் நிற்க வேண்டும். பாண்டு வாத்தியத்தோடு நூறு பேர் போவார்கள். இங்கே ஒருவன் நின்றான்.

"எப்போ?" என்றாள்.

"முகாமுக்குப் போன மூணாவது குளிர்காலம், அண்ணி. கல்லு ஒடைக்கிற எடத்துல. நான் ஊருக்கு வந்து கொஞ்ச நாளாச்சு. தொப்பி கெடைக்காம உங்க முன்னாடி வர மனசு வரல."

அவள் கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"தெனமும் சொல்லுவான். 'என் பொண்டாட்டி கெட்டிக்காரி, இந்நேரம் அந்தக் கோட்டை வித்து வயிறாரச் சாப்பிட்டிருப்பா'ன்னு. அதைச் சொல்றப்ப அவன் மூஞ்சில அப்படி ஒரு சந்தோஷம்."

ஹெட்விக் வாய்விட்டு அழுதாள். வேஷம் கலைத்துக்கொண்டிருந்த நடிகர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரும் கிட்டே போகவில்லை. வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோட்டை மேசையில் விரித்து, ஹூபெர்ட்டின் அளவுக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை எடுத்து வெட்டினாள். வெட்டிய துணியில் இரண்டு துண்டைத் தனியாக எடுத்து வைத்து, ஊசியில் நூல் கோத்தாள்.

"கையை நீட்டு தம்பி, முழங்கைல ஒட்டுப் போட்டுடறேன்."

ஆல்வின் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினான்.