ஊமைப் பலகை

இழைத்த பலகையில் ஒரு கை தண்ணீரைத் தெளித்து, தோள் துண்டால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, நாலடி பின்னால் போய்க் குந்துவார் பாண்டுரங்கன். ஈரம் பட்டதும் பலாமரத்து மஞ்சளில் ரேகைகள் கருத்து எழும். பற்றவைக்காத பீடியை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு, "வந்துட்டான்யா கரடி" என்று தொடையில் தட்டுவார். வேலை கொடுத்தவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் அந்தக் கரடியைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும்.

நெல்லிவாசல்நாட்டு மலையூர்களில் அவர் கை பட்ட வீடுகளுக்கு அடையாளமே அதுதான். மயில் கதவு வீடு, கரடிக் கதவு வீடு. உளியால் ஒரு கீறல்கூடப் போட்டுக் காட்டமாட்டார். மூக்கைக் கொஞ்சம் எடுத்துவிட்டால் நன்றாகத் தெரியுமே என்று யாராவது சொன்னால், "அதுவா வரணும். நாம புடிச்சி இழுக்கக் கூடாது" என்பார். எதுவும் வராத பலகைக்கு ஊமை என்று பேர். ஊமைகள் கோழிக்கூண்டுக்குப் போய்விடும்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குக் கதவு கிடையாது. வாசலில் பழைய புடவைதான் தொங்குகிறது.

காரணம், அவர் மனைவி பாஞ்சாலை. சொந்த அத்தை மகள். கல்யாணமான புதிதில் அவர் ஆசையாகக் காட்டிய மயிலைப் பார்த்துவிட்டு, வெறும் பலகைதான் தெரிகிறது என்று சொல்லிச் சாமை குத்தப் போனவள். அந்த அத்தையும் அப்படித்தான், பெற்ற பிள்ளை முகத்துக்கு நேரேயும் உள்ளதைச் சொல்லிவிடுவாள். அதற்கப்புறம் அவர் காட்டாத உருவம் இல்லை. கொண்டை இது, வால் இது என்று விரல் வைத்துக் காட்டுவார். அவள் பொறுமையாகப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். புது வீடு கட்டி முடித்த அன்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: அவள் கண்ணுக்குத் தானாக ஓர் உருவம் தெரியவேண்டும், அந்தப் பலகைதான் இந்த வீட்டுக்குக் கதவு.

குரங்கு வந்து வெல்லத்தைத் தூக்கிப் போனது. சாரல் அடுப்பு வரைக்கும் வந்தது. ஜீப்பில் போகிற மச்சான்மார்கள், "மாமா, அந்தப் பொடவ இன்னா மரம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் அசையவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் அவர் தங்கை நீலாவதிதான் பொறுக்கமாட்டாமல் வந்தாள்.

"மயிலு தெரீதுன்னு ஒரு வார்த்த சொல்லேன் அண்ணி. இன்னா கொறஞ்சிபூடும்?"

"ஒங்கண்ணங்கிட்ட நான் சொல்லாத பொய்யா?" என்றாள் பாஞ்சாலை. "ஆனா இதுல சொன்னா, தெனமும் அந்தப் பொய்யத் தெறந்து மூடணும்டி."

போன வாரம் ஒரு மத்தியானம். ஆட்டுக்குட்டிகள் உள்ளே வராமலிருக்க ஓர் ஊமைப் பலகையை வாசலில் குறுக்கே படுக்கவைத்திருந்தார்கள். உள்ளே சாமை புடைத்துக்கொண்டிருந்த பாஞ்சாலையின் முறம் நின்றது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, எங்க சித்தப்பா இங்க படுத்துகினு கீறாரு. நம்ம கல்யாணத்துல துன்னுட்டுப் படுத்தாரே, அதே மாரி. வயித்தப் பாரு."

ரெண்டு பந்தியிலும் உட்கார்ந்து எழுந்து, மாப்பிள்ளைக்குப் போட்ட பாயிலேயே விடிய விடியத் தூங்கிய மனிதர். அவரை மறக்க முடியுமா? பாண்டுரங்கன் பலகையைத் தாண்டி உள்ளே வந்து அவள் பக்கத்தில் குந்தினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. பலகையைத் தூக்கி நிறுத்தப் போனார்.

"நிக்க வெக்காத மாமா. தூங்குற மனுசன்."

கதவுக்குப் பலகையை நெட்டுக்குத்தாகச் சேர்ப்பதுதான் வழக்கம். அவரும் இத்தனை வருஷம் அப்படித்தான் சேர்த்தார். பாண்டுரங்கன் பலகையை மெதுவாகப் பழையபடி படுக்கவைத்தார். டேப்பை எடுத்து, ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, வாசலின் அகலத்தை அளந்தார்.