மதிலை ஏற்றிக்கொண்டு போன லொறி

நெடுந்தீவில் வாகனங்கள் குறைவு. அதனால்தான் என்னுடைய லொறிக்கும் இங்கே கொஞ்சம் மரியாதை. பட்டாளம் ஓட்டித் தேய்த்து ஏலத்தில் விட்டதை வாங்கி, தட்டைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தேன். போன மாரிக்குப் பிறகு அதன் பின்பக்கம் இடப்புறமாகச் சரிந்து, யாரோ சொல்லும் ரகசியத்தைக் காது கொடுத்துக் கேட்பது போல நின்றது. நான் வலப்புறம் இருந்து ஓட்டுவதால் அது சமன்பட்டுவிடும் என்று நம்பியிருந்தேன். என் உடம்பைப் பார்த்தவர்கள் அந்த நம்பிக்கையைக் குறை சொல்லமாட்டார்கள்.

சரிவுக்கு முடிவு கட்ட வைத்தது தயிர். பக்கத்து வளவில் மாடு வளர்க்கும் அக்காவிடம் நயினாதீவில் ஒரு திருவிழா அன்னதானத்துக்கு முதல் தடவையாகத் தயிர் கேட்டிருந்தார்கள். சட்டியில் உறைந்த தயிர் கலங்காமல் போய்ச் சேர்ந்தால் அடுத்தடுத்த திருவிழாவுக்கும் அவரிடமே எடுப்பார்கள். கலங்கினால் அத்தோடு சரி. படகுத்துறை வரை ஏற்றிப் போக என் லொறிதான் இருந்தது.

"உம்மட லொறியில ஏத்தினா மோராத்தான் போகும் தம்பி. மோர் வேணுமெண்டா என்னட்ட மத்து இருக்கு" என்றார் அக்கா.

மனைவியின் தம்பி ஊர்காவற்றுறையில் கராஜ் வைத்திருக்கிறான். அவன் வந்து லொறிக்குக் கீழே படுத்து, ஸ்பிரிங்கில் அடுக்கியிருந்த இரும்புத் தகடுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டினான். நல்லது மணி போல ஒலித்தது. வெடித்தது 'டொக்' என்றது. இடப்பக்கத்தில் இரண்டு 'டொக்'. உப்புக்காற்று தகடுகளுக்கு நடுவே துருவைத் திணித்திருந்தது. ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் 'பின்' என்ற இரும்பு ஆணி நடுவில் தேய்ந்திருந்தது. அதைச் சுற்றி இருக்கவேண்டிய ரப்பர் புஷ் கறுப்புத் தூளாகக் கொட்டியது.

பின்னைத் தூக்கிக் காட்டினான். "அத்தான், உங்கட வீட்டில மெலிஞ்சது இது ஒண்டுதான்."

மாதிரிக்கு வெடித்த தகட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்ச் சாமான் வாங்கினேன். கடைக்காரர் "வேற ஏதும்?" என்று கேட்டார். கடல் தாண்டி வந்தவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. படகேறி வந்தால் நெருப்புப்பெட்டி என்றாலும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கித்தான் எங்களுக்குப் பழக்கம். தேவைக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாகத் தடித்த தகடுகளும் வாங்கினேன்.

திருவிழாவுக்கு முதல்நாள் மச்சான் மறுபடி வந்தான். ஜக் அடித்து லொறியைத் தூக்கி, அச்சுக்குக் கீழே மரக்குற்றி வைத்தோம். துருவேறிய போல்டுகள் கழலமாட்டோம் என்று நின்றதால் வெட்டி எடுத்தோம். புதுப் பின், புது புஷ், புதுத் தகடு எல்லாம் ஏறின. பிறகு நான் என் தடித்த தகடுகளை நீட்டினேன்.

"உது வேண்டாம் அத்தான். வெறும் லொறி துள்ளும்."

"வாங்கினதை என்ன செய்யிறது? அலுமாரியில வைக்கிறதே?"

போட்டான். லொறி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைச் சேவல் போல நின்றது. அவன் பின்னேரப் படகில் போய்விட்டான்.

அக்கா ஒரு சட்டியில் தண்ணீர் நிரப்பி வந்தார். "முதல் இதை வைச்சு ஓடிக் காட்டும்" என்று சட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டார். கல் ரோட்டில் சந்தி வரை போய்த் திரும்பி வந்து, பெருமையோடு எட்டிப் பார்த்தேன்.

"தண்ணி இருக்கு தம்பி" என்றார் அக்கா. "சட்டியில இல்லை, என்னில."

சேலையைப் பிழிந்தபடி, பகிடியை விட்டுச் சொன்னார்: "பாலுக்கு உறை போட்டாச்சு. காலமை முதல் படகு."

மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"தகட்டைக் கழட்ட ஏலுமே அத்தான்?"

"தனிய ஏலாது."

"அப்ப பாரம் ஏத்துங்கோ. தகடு அமத்துப்பட்டா துள்ளாது."

வீட்டில் சீமெந்தும் இல்லை, மணலும் இல்லை. இருந்தது மதில்தான். சாந்து பூசாமல் கடற்கல்லை அடுக்கிய மதில். எடுக்கவும் லேசு, திருப்பி அடுக்கவும் லேசு என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஆர் அடுக்கிறது?"

"நான்தான்."

"உங்களுக்குக் குனியவே ஏலாதே!"

இருட்டுவதற்குள் ஒரு பக்க மதில் லொறியில் இருந்தது. மறுபடி தண்ணீர்ச் சட்டியோடு சந்திக்குப் போனோம். இந்த முறை அக்கா நனையவில்லை.

காலையில் கல்லுக்கு மேலே வைக்கோல் பரப்பி, சட்டிகளை நெருக்கி வைத்தோம். லொறி சாப்பிட்டு முடித்த மாடு போல அசைந்து நடந்தது. படகுத்துறையில் அக்கா ஒவ்வொரு சட்டியாகத் துணியை விலக்கிப் பார்த்தார். தயிரின் ஆடையில் ஒரு கீறல்கூட இல்லை. துணியைத் திருப்பிக் கட்டிவிட்டுப் படகில் ஏறினார்.

வீட்டுக்கு வந்தால், மதில் இருந்த இடத்தால் அக்காவின் மாடுகள் உள்ளே வந்து எங்கள் கத்தரியை முடித்துவிட்டு வெண்டியில் நின்றன. மனைவி மதில் இருந்த இடத்தைக் கையால் காட்டினாள். நான் குனிந்து கல் அடுக்கத் தொடங்கினேன். மத்தியானம் நயினாதீவிலிருந்து போன் வந்தது.

"தம்பி, அடுத்த திருவிழாவுக்கும் என்னட்டத்தான் சொல்லியிருக்கினம்."

"நல்லது அக்கா. உங்கட மாடெல்லாம் என்ர தோட்டத்தில நிக்குது."

"கலைக்காதையும், வடிவாத் திண்டாத்தான் பால் வரும். மதிலையும் இப்ப அடுக்காதையும், பிறகும் ஏத்தவேணுமெல்லே."

கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தேன். குனிய வேண்டாம் என்று சொல்பவர் பேச்சை நான் தட்டுவதில்லை.