கோடு விழாத இரண்டு வரிகள்

செய்தி பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை. குக்கரை இறக்கிவிட்டு, என் கணவரின் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மாலதி, உங்களுக்குத்தான் போன். அஸ்தினாபுரத்துலேருந்து" என்று குரல் கேட்டது. சுலோசனா அக்காவின் தங்கை பேசினார். "அக்கா காலைல எழுந்திருக்கவே இல்ல மாலதி. டாக்டர் வந்து பார்த்துட்டுப் போயிட்டார்" என்றார்.

மாடம்பாக்கத்திலிருந்து ஆட்டோவில் போனோம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்ததால் ஆட்டோ முனையிலேயே நின்றுவிட்டது. நான் ஊன்றுகோலை எடுப்பதைப் பார்த்த ஓட்டுநர், "இன்னாத்துக்குமா அவசரம்? மெல்லமா எறங்கு. நான் புடிச்சிக்கினு கீறேன்" என்றார். அங்கிருந்து அக்காவின் வீட்டு வாசல்வரை நான் நடந்தே போனேன். அது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். பெரிய விஷயம்தான் என்பது அன்றைக்கு எனக்கே தெரியாது.

பல்லாவரத்தில் நம் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சுலோசனா அக்கா எங்கள் மூத்த ஸ்டெனோ. மேலாளர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு தட்டச்சு செய்து கொடுப்பது அவர் வேலை. தட்டச்சு செய்து முடித்த ஒவ்வொரு பகுதியின் மேலும் நீலப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்தால் அது முடிந்தது என்று அர்த்தம். கோடு விழாத வரி ஒன்று பாக்கி இருந்தாலும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். "இந்த வண்டி போனா அடுத்த வண்டி வரும். இந்த வரி போனா வராது" என்பார்.

ஒருமுறை ஒரு வாடிக்கையாளருக்கு மேலாளர் கோபத்தில் எதையோ எழுதச் சொல்லிவிட்டு, அவர்கள் சண்டைக்கு வந்ததும், "நான் அப்படிச் சொல்லவே இல்லை, ஸ்டெனோ தப்பா எடுத்துட்டாங்க" என்று கைகழுவினார். அக்கா நோட்டைக் கொண்டுவந்து, அத்தனை பேர் முன்னால் வரிக்கு வரி படித்தார். படித்து முடித்துவிட்டு, "நடுவுல ரெண்டு தடவை தும்மினீங்க சார். அதையும் குறிச்சிருக்கேன்" என்றார். அந்த மேலாளர் இருந்தவரை மறுபடி அவரிடம் வாலாட்டவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதுவது என்பதில் அக்காவுக்கு அப்படி ஒரு பிடிவாதம் இருந்தது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஸ்டெனோதான். பதினோரு வருடம் அவருக்குப் பக்கத்து இருக்கை. ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் அவருடைய நோட்டைப் பார்த்து வேலையை முடிப்போம். அதனால் அவருடைய சுருக்கெழுத்து எனக்கு என்னுடையதைப் போலவே பழக்கம்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு முதலில் ஒரு கண் மங்கியது. மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். சில வாரங்களில் தானாகத் தெளிந்தது. அடுத்த கோடையில் வலது கை விரல்கள் மதமதத்துப் போயின. தலையைக் குனிந்தால் முதுகில் கரண்ட் ஓடுவது போல இருக்கும். வெயில் என்றார்கள், பித்தம் என்றார்கள், ரத்தசோகை என்றார்கள். நான் அடித்த கடிதங்களில் பிழைகள் குவிந்தன. மேலாளர் சிவப்பு மையில் சுழித்துச் சுழித்துத் திருப்பி அனுப்பினார். வேலையே போய்விடும் என்று நான் கழிப்பறையில் நின்று அழுத நாட்கள் உண்டு.

அக்கா அந்தக் கடிதங்களை எல்லாம் ஒரு மதியம் மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தார். "உன் தப்பெல்லாம் வலது கை அடிக்கிற எழுத்துலதான் வருது. இடது கை சுத்தமா இருக்கு. கவனக்குறைவா இருந்தா ரெண்டு கையிலயும் வரணும் இல்ல? இது புத்தியில இல்லடி, கையில ஏதோ இருக்கு" என்றார். என் கணவரிடம் அவரே பேசி, நகரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போக வைத்தார்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் இடங்கள் அப்போது இங்கே விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. அந்த இயந்திரத்துக்குள் படுத்திருந்தபோது கேட்ட சத்தம் எங்கள் தட்டச்சு அறையையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். பெரிய உறையில் படங்களும் ஒரு தாளில் அறிக்கையும் கொடுத்தார்கள். மறுநாள் நான், என் கணவர், அக்கா மூவரும் மருத்துவரிடம் போனோம். அவர் படங்களை விளக்குப் பலகையில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிடறேன்" என்றார்.

அன்றைக்கு அதுதான் வழக்கம். பெரிய வியாதி என்றால் நோயாளியைத் தவிர எல்லோரிடமும் சொல்வார்கள். நானும் மறுபேச்சில்லாமல் எழுந்து வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா மட்டும் அசையவில்லை. "நான் அவங்க அக்கா" என்று சொல்லி, கைப்பையிலிருந்து சுருக்கெழுத்து நோட்டை எடுத்தார் என்று பிறகு என் கணவர் சொன்னார். அந்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தை இன்றுவரை மறக்க முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் அலுவலகத்தில் அக்கா ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொடுத்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற பெயரை முதன்முதலாக அதில்தான் படித்தேன். மூளையிலும் முதுகுத்தண்டிலும் நரம்புகளின் மேலுறை அங்கங்கே பழுதாகிறது, மின்சார ஒயரின் ரப்பர் உரிந்தால் கரண்ட் சரியாகப் போகாதது போல, தொற்றாது, வரும், தணியும், மறுபடி வரலாம், முற்றாகக் குணமாக்க மருந்து இல்லை, ஆனால் தீவிரமாகும்போது தணிக்க ஊசி உண்டு. கசப்பான விஷயங்கள்தான். ஆனாலும் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டபோது, பல மாதங்களுக்குப் பிறகு தரையில் கால் பட்டது போல இருந்தது. "இவ்வளவுதானா அக்கா?" என்று கேட்டேன். அவர் கார்பன் தாளை உருவிக்கொண்டே, "ஒண்ணு உனக்கு, ஒண்ணு ஃபைலுக்கு" என்றார்.

அதன் பிறகு நாங்கள் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். மதிய இடைவேளையில் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். வரிசை வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மூளையின் படம், அவற்றில் வெள்ளைப் புள்ளிகள். அக்கா ஸ்கேலை வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சொல்ல, நான் குறித்தேன். மொத்தம் நாற்பத்தேழு. அழகாக அட்டவணை போட்டு, கீழே கூட்டுத்தொகையும் அடித்தார். மூளையில் நாற்பத்தேழு ஓட்டைகளோடு ஒருத்தி எப்படி உயிரோடு இருக்க முடியும் என்று நான் இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் அறிக்கையைப் படித்ததில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். "கடைசி வரியைப் பார்த்தியா? நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும்னு போட்டிருக்கான். நான் எத்தனை லெட்டர் அடிச்சிருக்கேன்! இது தீர்ப்பு இல்ல மாலதி. படம் எடுத்தவர் டாக்டரைக் கேக்கற கேள்வி. அதுக்குப் பதில் பாதி உன்கிட்ட இருக்கு. நீ வாயத் திறந்தாத்தான் அவருக்கு முழுசாத் தெரியும்" என்றார்.

அடுத்த முறை மூவரும் போனபோது அக்கா ஒரு தாளில் கேள்விகளை வரிசையாக அடித்து எடுத்துவந்திருந்தார். மருத்துவர் பழையபடி, "நீங்க வெளியில..." என்று ஆரம்பித்தார். அக்கா எழுந்து நின்றுவிட்டார். அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன்.

"வேண்டாம் சார். இனிமே அவ உள்ளேயே இருக்கட்டும். உடம்பு அவளோடது. நான் குறிப்பு எடுக்கத்தான் வந்திருக்கேன். எதை அவகிட்ட சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ண என்னால ஆகாது."

மருத்துவர் தாளை வாங்கினார். முதல் கேள்வி: இந்த நோய் எத்தனை வருடத்தில் எங்கே கொண்டுபோய் விடும் என்று இப்போதே சொல்ல முடியுமா? அவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "முடியாதும்மா. சிலருக்கு வேகமாப் போகும், சிலருக்குப் பல வருஷம் மெதுவாப் போகும். உங்களுக்கு எப்படின்னு இப்பவே சொல்றது தப்பு" என்றார். அக்கா அதை எழுதி, அடியில் அழுத்திக் கோடிட்டார். நோய் எனக்கு, பதிலுக்கு எதற்கு அக்காவைப் பார்க்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாவது கேள்வி நாற்பத்தேழு. மருத்துவர் முதன்முறையாகச் சிரித்தார். "கத்திரிக்காயை வட்ட வட்டமா நறுக்கினா, உள்ள இருக்கிற ஒரே சொத்தை நாலு துண்டுலயும் தெரியும் இல்லையா? ஸ்கேனும் அப்படித்தான் நறுக்கி நறுக்கிக் காட்டுது. நீங்க ஒரே சொத்தையைத் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கீங்க. அதுவும் போக, எத்தனைங்கறதை மட்டும் வெச்சு ஆளைச் சொல்ல முடியாது. எந்த இடத்துல இருக்கு, நீங்க எப்படி இருக்கீங்க, அதையும் பார்க்கணும்" என்றார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆபீஸ் புத்தி சார். கட்டத்தைப் பார்த்தா கூட்டிடுவோம்" என்றார். அன்று நாங்கள் மூவரும் வெளியே வந்து வயிறாரச் சாப்பிட்டோம்.

அந்த நாளிலிருந்து என்னை யாரும் வெளியே உட்காரச் சொன்னதில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்தால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும் என்பதை அக்காவிடம் திட்டு வாங்கித்தான் பழகினேன். ஒருமுறை மருத்துவர் எப்படி இருக்கிறீர்கள் என்றதும், "பரவாயில்ல சார்" என்றேன். அக்கா நோட்டை மூடிவிட்டார். "இதை நான் எழுத மாட்டேன். நேத்து ஸ்டேஷன் படியில பாதியில உக்காந்தது யாரு? கஷ்டமா இருக்குன்னு அழாதே, பரவாயில்லன்னு மழுப்பாதே. என்னிக்கு, எவ்வளவு நேரம், எது செய்ய முடியல, அதைச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு, வெந்நீரில் குளித்தால் அரைமணி நேரம் கண் மங்குவது, டம்ளர் கைநழுவுவது எல்லாவற்றையும் நாள் போட்டுக் குறித்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வெந்நீரை விட்டதும் கண் மங்குவது குறைந்தது. என்னைத் தட்டச்சிலிருந்து தபால் பிரிவுக்கு மாற்றச் சொல்லி மேலாளரிடம் வாதாடியதும் அக்காதான். வேலை போகவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவின் தங்கை ஒரு துணிப்பையைக் கொடுத்தார். "இதெல்லாம் உன்னோடதுன்னு மேல எழுதி வெச்சிருந்தாங்க" என்றார். மருத்துவரைப் பார்க்கப் போனபோதெல்லாம் எடுத்த நோட்டுகள், கூடவே பாதி தேய்ந்த ஒரு நீலப் பென்சில். வீட்டுக்கு வந்து முதல் நோட்டைப் பிரித்தேன். முதல் நாள், நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த குறிப்பு. பக்கத்துக்குப் பக்கம் நீலக் கோடு. மூன்றாம் பக்கத்தின் நடுவில் கோடு நின்றுவிட்டது. இரண்டு வரிகளைத் தாண்டி மறுபடி தொடங்கியது.

அந்த இரண்டு வரிகளைப் படித்தேன். "அஞ்சு வருஷத்துக்கு மேல இவங்க நடமாடறது சந்தேகம். படுக்கையிலதான். வீட்ல இருக்கிறவங்க மனசைத் தயார் பண்ணிக்குங்க."

மருத்துவர் இதைச் சொல்லி இது ஒன்பதாவது வருடம்.

என் கணவரிடம் நோட்டைக் காட்டினேன். "உங்களுக்கும் தெரியுமா?" என்றேன். "தெரியும். அவங்க அடிச்சுக் கொடுத்த தாள்ல அது இல்லைன்னதும், நானும் சும்மா இருந்துட்டேன். என்னால எப்படி மாலதி உன்கிட்ட சொல்ல முடியும்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். தும்மலைக்கூட விடாமல் குறித்தவர் என் விஷயத்தில் மட்டும் எப்படி விட்டார் என்று கோபம். அவரைக் கேட்கவும் முடியாதபடி போய்விட்டாரே என்று அதைவிடக் கோபம்.

இரண்டு நாள் கழித்துத்தான், அக்கா மருத்துவர் முன்னால் எழுந்து நின்ற அந்தக் காட்சி நினைவுக்கு வந்தது. முடிவு பண்ண என்னால ஆகாது என்று நடுங்கிய குரல் எதனால் நடுங்கியது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த இரண்டு வரியை அடிக்க அவருக்குக் கை வரவில்லை. அடிக்காமல் விட்டதையும் அவரால் தாங்க முடியவில்லை. அதனால் அதையே முதல் கேள்வியாக்கி, என்னை உள்ளே உட்காரவைத்து, சொன்னவர் வாயாலேயே அதைத் திருத்த வைத்தார். மறுபடி ஒருநாளும் என்னை வெளியே விடவில்லை. அக்கா, நீங்கள் ஒரே ஒருமுறை என்னிடம் மறைத்தீர்கள். அதற்காக ஒன்பது வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினீர்கள்.

அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அக்கா இல்லாமல் முதல் தடவை. கேள்வித் தாளை நானே தட்டச்சு செய்துவிட்டேன். வலது கை இன்னும் தடுமாறுகிறது, நான்கு பிழைகள் வந்தன. அதை முடித்த கையோடு, இயந்திரத்தில் வேறொரு தாளைச் செருகி, அந்த இரண்டு வரிகளையும் சொன்னது சொன்னபடி அடித்தேன். கார்பன் வைத்து, இரண்டு பிரதி. ஒன்று எனக்கு, ஒன்று ஃபைலுக்கு. பிறகு நோட்டை எடுத்து, அவருடைய நீலப் பென்சிலால், விட்டுப்போன இடத்தில் கோடு போட்டேன்.